பாலருவி படத்தில் குளிக்கிற ஆட்களை எடுப்பது எப்படி? மீடியன் போட்டால் அருவியே மெலிந்துவிடுகிறது

புளியரைச் சாரல்:

எல்லாருக்கும் வணக்கம். ஆரியங்காவு பாலருவியில் எடுத்த 14 படம் கையில் இருக்கு. 24 மெகாபிக்சல் கேமரா, 18-55 கிட் லென்ஸ், 18-ல் வச்சு எஃப் 8, ஐஎஸ்ஓ 200. அப்பர்ச்சர் பிரயாரிட்டியில் (எஃப் எண்ணை நாம வைப்போம், ஷட்டரை கேமராவே முடிவு பண்ணும்) விட்டிருந்ததால் ஷட்டர் 1/60-ஐச் சுத்தி ஏறி இறங்கியிருக்கு. எல்லாம் ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவு). டிரைபாட் கிடையாது, பக்கத்துப் பாறையில் முழங்கையை ஊன்றி 20 விநாடிக்குள்ள 14 தட்டு தட்டியாச்சு.

கிம்ப்னு இருக்கிற பட எடிட்டிங் மென்பொருளில் 14-ஐயும் ஒண்ணு மேல ஒண்ணா லேயரா திறந்து, அதோட ஜிமிக் பிளகினில் பிளெண்ட் மீடியன் (எல்லாப் படத்தையும் நடுமதிப்பா கலக்குறது) போட்டேன். நடந்து போனவங்க மறைஞ்சுட்டாங்க. ஆனா நாலு கோளாறு.

தடாகத்தில் நின்ன மூணு பேர் அப்படியே இருக்காங்க, கை தலை மட்டும் பேய் மாதிரி கரைஞ்சிருக்கு. அருவித் தண்ணி பாதியா மெலிஞ்சு, மங்கலா, பஞ்சு மாதிரி ஆயிடுச்சு. முன்னால தொங்குற கிளை இரட்டையா தெரியுது. சிவப்புத் துண்டு போட்டு ஒருத்தர் ஆடிக்கிட்டு நின்ன இடத்தில், பாசிப் பாறை மேல ஊதாவும் இல்லாம பச்சையும் இல்லாம ஒரு கறை.

இந்த 14 படத்தை வச்சே தேத்த முடியுமா? அடுத்து கழுதுருட்டிப் பக்கம் இருக்கிற பதிமூணு கண் பாலத்தை (பதிமூணு வளைவு வச்ச ரயில் பாலம்) எடுக்கணும், அங்கயும் எப்பவும் கூட்டம். அதுக்கு முன்கூட்டியே என்ன செய்யணும்னு சொன்னா உதவியா இருக்கும்.

கொல்லங்கோடு வயல்:

இவ்வளவு எதுக்கு? லென்ஸ் முன்னால திருகுற என்டி 1000 (வெளிச்சத்தைக் குறைக்கிற கருப்பு ஃபில்டர்) ஒண்ணு வாங்கிப் போடுங்க. நிமிஷக் கணக்கில் ஷட்டர் திறந்திருந்தா ஆளெல்லாம் தானா மறைஞ்சிடுவாங்க. தண்ணியும் பட்டா இருக்கும்.

கழுதுருட்டிக்காரன்:

தம்பி, மீடியன் என்ன செய்கிறது என்று பார்த்தாலே நாலு கோளாறுக்கும் காரணம் விளங்கிவிடும். ஒவ்வொரு புள்ளியிலும் 14 படத்தின் மதிப்புகளையும் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்தி, நடுவில் வருவதை எடுத்துக்கொள்கிறது. ஓட்டெடுப்பு மாதிரி. ஒரு இடம் பாதிக்கு மேற்பட்ட படங்களில் காலியாக இருந்தால்தான் காலி இடம் ஜெயிக்கும். 20 விநாடியில் 14 படம் எடுத்தால், குளிக்கிறவர் எத்தனை படத்தில் நகர்ந்திருப்பார்? ஒன்றிலும் இல்லை. கையையும் தலையையும் மட்டும் ஆட்டியிருக்கிறார், அது மட்டும் கரைந்திருக்கிறது.

தண்ணீர் மெலிந்ததும் அதே ஓட்டினால்தான். அருவியின் ஓரத்தில் நீர் விட்டுவிட்டுத் தெறிக்கிறது. ஒரு புள்ளியில் 14-ல் 5 முறை வெள்ளை, 9 முறை கருப்புப் பாறை என்றால் பாறைக்குத்தான் வெற்றி. ஓரத் தெறிப்பு முழுக்கப் போய்விடும், நடுவில் இருக்கிற பளிச்சிடும் இழைகளும் போய்விடும்.

சிவப்புத் துண்டுக் கறைக்குக் காரணம், சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சானலுக்கும் தனித்தனியாக நடுமதிப்பு எடுப்பது. ஆள் ஏறக்குறைய பாதிப் படங்களில் இருந்தால் ஒரு சானலில் துண்டும் இன்னொன்றில் பாசியும் ஜெயிக்கலாம். எந்தப் படத்திலும் இல்லாத நிறம் அப்படித்தான் வரும்.

கிளை விஷயம் வேறு. கிம்ப் தானாக லேயர்களைப் பொருத்தாது, ஜிமிக்கின் பிளெண்ட் மீடியனும் உள்ளதை உள்ளபடி கலக்கும். கையில் பிடித்து எடுத்த படங்களை மீடியனுக்கு முன்னால் கட்டாயம் பொருத்த வேண்டும். பனோரமா ஒட்டும் மென்பொருளான ஹியூகினை நிறுவினால் கூடவே அலைன் இமேஜ் ஸ்டாக் என்று ஒரு கமாண்ட்லைன் கருவி வரும். ராவிலிருந்து மாற்றிய 16 பிட் டிஃப் ஃபைல்களைக் கொடுத்தால் பொருத்திய டிஃப்களாக எழுதித் தரும். அது படத்தை 5-க்கு 5 கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு 8 பொருத்தப் புள்ளி தேடுவதுதான் வழக்கம். அருவிப் படத்தில் பாதிக் கட்டங்களில் நீரும் இலையும்தான், அங்கே கிடைக்கிற புள்ளிகள் கழிந்து போகும். ஆகவே 8-ஐ 20 ஆக்குங்கள்.

பொருத்திய பிறகும் அந்தக் கிளை இரட்டையாகத்தான் நிற்கும். முழங்கை இரண்டு விரற்கடை நகர்ந்தாலும், தூரத்துப் பாறைக்கு அது ஒன்றுமில்லை, கையெட்டும் தூரத்துக் கிளைக்கு அது பெரிய இடப்பெயர்ச்சி. மென்பொருள் முழுப் படத்தையும் தள்ளும், சுழற்றும், கிளையை மட்டும் தனியாக நகர்த்தாது.

அதனால் செய்ய வேண்டியது இது. மீடியன் படத்தை முடிந்த படமாக எண்ணாதீர்கள், அது ஒட்டுப்போடும் துணி. 14-ல் தண்ணீரும் இலையும் நன்றாக விழுந்த ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து அடியில் வையுங்கள். அதுதான் உங்கள் படம். மீடியனை அதன் மேல் லேயராகப் போட்டு, லேயர் மாஸ்க்கைக் (வெள்ளை இடத்தில் லேயர் தெரியும், கருப்பு இடத்தில் மறையும்) கருப்பாகச் சேருங்கள். மேல் லேயர் மொத்தமும் மறைந்துவிடும். மாஸ்க்கில் வெள்ளை நிறத்தால், ஹார்ட்னெஸ் 50 வைத்த பிரஷ்ஷில், ஆள் நிற்கிற இடத்தை மட்டும் தடவுங்கள். ஆளோடு சேர்த்து அவர் நிழலையும், தடாகத்தில் விழுந்த பிம்பத்தையும், இடுப்பைச் சுற்றி எழும் அலை வளையத்தையும் தடவ வேண்டும். அலை வளையத்தை விட்டுவிட்டால் நடுக்குளத்தில் யாரோ இப்போதுதான் முங்கின மாதிரி இருக்கும்.

நின்ற மூன்று பேருக்கு மீடியன் உதவாது. ஆனால் மாஸ்க்குக்குப் பாதிக்கு மேல் ஓட்டு தேவையில்லை, அந்த இடம் காலியாக இருக்கும் ஒரே ஒரு படம் போதும். அன்றைக்கு அதே இடத்திலிருந்து பத்து நிமிடம் கழித்து எடுத்த படம், தவறி அமுக்கிய படம், எதுவானாலும் தேடிப் பாருங்கள். அதை மேலே போட்டு லேயர் மோடை டிஃபரன்ஸ் ஆக்குங்கள். பொருந்திய இடமெல்லாம் கருப்பாகும், பொருந்தாத பாறை விளிம்புகள் வெள்ளைக் கோடாகத் தெரியும். மூவ் டூலில் அம்புக்குறி விசையால் ஒவ்வொரு பிக்சலாகத் தள்ளி, தேவைப்பட்டால் 0.1 டிகிரி 0.2 டிகிரி சுழற்றி, அந்த ஆளைச் சுற்றியுள்ள பாறைக் கோடுகள் மறையும்வரை கொண்டுவாருங்கள். முழுப் படமும் பொருந்த வேண்டாம், அந்த ஒரு முழ இடம் பொருந்தினால் போதும். பிறகு மோடை நார்மலுக்கு மாற்றி மாஸ்க்.

கொல்லங்கோடு அண்ணாச்சி சொன்ன என்டி பற்றித் தனியாக எழுதுகிறேன், அதில் ஒரு கணக்கு இருக்கிறது.

கழுதுருட்டிக்காரன்:

ஐஎஸ்ஓ 200, எஃப் 8, 1/60 என்றால் ஐஎஸ்ஓ 100, எஃப் 11-க்கு 1/15 வரும். என்டி 1000 என்பது 10 ஸ்டாப், 1024 மடங்கு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி). ஆக 68 விநாடி. இந்த 68 விநாடியில் வெள்ளை வேட்டியோடு ஒருவர் ஒரே இடத்தில் 15 விநாடி நின்றார் என்று வையுங்கள், 22 சதவீத நேரம். நனைந்த கருங்கல்லைவிட வெளுத்த வேட்டி 4 ஸ்டாப், அதாவது 16 மடங்கு வெளிச்சம் என்று கொள்வோம். அந்த இடத்தில் சேரும் வெளிச்சம் 0.78-உடன் 0.22 பெருக்கல் 16. மொத்தம் 4.3. பாறையைவிட 2 ஸ்டாப் தூக்கலாக ஒரு வெள்ளை ஆவி நிற்கும். மேலே இன்னொரு என்டி 4 திருகி நாலரை நிமிடம் ஆக்கினாலும் 1.8 மடங்கு, கிட்டத்தட்ட ஒரு ஸ்டாப். அப்போதும் கண்ணில் படும்.

மண்டல காலத்தில் ஆரியங்காவு வழியாக வருகிற சாமிமார் கருப்பு வேட்டியில் அதே பாறையில் 15 விநாடி நின்றால் தடயமே இருக்காது, பாறைக்கும் வேட்டிக்கும் வெளிச்சம் ஒன்று. அவரே வெள்ளை அருவிக்கு முன்னால் நின்றால் மூன்றில் ஒரு ஸ்டாப் மங்கல் தெரியும், அதைச் சரிசெய்வது எளிது. எனவே என்டி போடலாமா என்பதை நேரம் மட்டும் தீர்மானிப்பதில்லை, உடையும் பின்னணியும் சேர்ந்துதான் தீர்மானிக்கும்.

நீண்ட எக்ஸ்போஷர் என்பது சராசரி. சராசரியில் 15 விநாடி நின்றவருக்கும் பங்கு உண்டு. மீடியனில் பாதிக்குக் குறைந்தவருக்குப் பங்கே இல்லை. இவ்வளவுதான் இரண்டுக்கும் வேறுபாடு.

கொல்லங்கோடு வயல்:

வேட்டிக் கணக்கு சரி, ஒத்துக்கிறேன். கடற்கரை, பஸ் ஸ்டாண்டு மாதிரி ஆள் நிக்காம நடக்கிற இடத்துக்குத்தான் என்டி. இன்னும் ரெண்டு சொல்றேன். ரெண்டு ஃபில்டரை ஒண்ணு மேல ஒண்ணு திருகினா 18 மில்லிமீட்டரில் நாலு மூலையும் கருத்துப்போகும், மலிவு ஃபில்டர்னா படம் முழுக்கப் பழுப்போ ஊதாவோ ஏறும். அப்புறம் கேமராவில் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன் ஆனில் இருந்தா 68 விநாடி எடுத்துட்டு இன்னொரு 68 விநாடி இருட்டுப் படம் எடுக்கும், கேமரா தொங்கிப்போச்சுன்னு பேட்டரியைக் கழட்டிடாதீங்க.

தண்ணி பட்டா வேணும்னா இந்த 14 படத்திலயே வரும். மீடியனுக்குப் பதிலா சராசரி. கிம்ப்பில் பிரிசிஷனை 32 பிட் ஃப்ளோட்டிங் பாயின்ட், லீனியர் லைட்டுக்கு மாத்திக்கங்க. அடி லேயர் ஒப்பாசிட்டி 100, ரெண்டாவது 50, மூணாவது 33.3, நாலாவது 25, அஞ்சாவது 20, இப்படி 100-ஐ லேயர் எண்ணால வகுத்துக்கிட்டே போனா பதினாலாவது 7.1. எல்லாத்துக்கும் சம பங்கு வந்துரும். தெறிப்பு ஓரம் மெலியாது, ஏன்னா 14-ல் 5 தடவை வந்த வெள்ளைக்கும் இதில் பங்கு இருக்கு. அதை அருவி விழுற பட்டைக்கு மட்டும் மாஸ்க்கில் எடுத்துக்கங்க.

ஆக அருவிக்குச் சராசரி, பாறைக்கு மீடியன், இலைக்கு ஒத்தைப் படம். மூணையும் ஒரே கருவிக்குள்ள அடக்கப் பார்த்தா ஏதோ ஒண்ணு கெடும்.

அச்சன்கோவில் ஆறு:

காலி இடம் எந்தப் படத்திலும் சிக்கவில்லை என்றால் நிரப்பத்தான் வேண்டும். கிம்ப் என்றால் ரீசிந்தசைசர் பிளகின், அதில் ஹீல் செலக்ஷன். தேர்ந்த இடத்தைச் சுற்றியுள்ள பரப்பைக் கொண்டு அது நிரப்பும். சாம்பிள் எடுக்கும் அகலம் 50 பிக்சல் என்று இருக்கும். எங்கிருந்து எடுப்பது என்ற கேள்விக்கு ஆல் அரவுண்ட் வேண்டாம், சைட்ஸ் கொடுங்கள். குளத்து அலைக்கோடு கிடைமட்டமாக ஓடுவதால் இடவலத்திலிருந்து எடுத்தால்தான் கோடு ஒத்துவரும். மூன்று பேரும் நெருக்கமாக நின்றால் ஒவ்வொருவராக எடுக்காதீர்கள். முதலாமவரை எடுக்கும்போது பக்கத்திலிருப்பவர் தோளைக் கொண்டுவந்து ஒட்டிவிடும். மூவரையும் சேர்த்து ஒரே தேர்வாக வளைத்துவிடுங்கள். போட்டோஷாப்பின் கன்டென்ட் அவேர் ஃபில்லிலும் அதே தொல்லை உண்டு, அங்கே சாம்பிள் எடுக்கும் பச்சைப் பரப்பிலிருந்து ஆட்களை பிரஷ்ஷால் அழித்துவிட வேண்டும்.

ஏஐ நிரப்பல் பற்றி யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். லைட்ரூமில் ஜெனரேட்டிவ் ரிமூவ் 2024-ல் வந்தது, போட்டோஷாப்பில் ஜெனரேட்டிவ் ஃபில் 2023-ல். ஆளை வெட்டி நிழலை விட்டுவிட்டால், நிழலுக்குப் பொருத்தமாக இன்னொரு ஆளையோ கல்லையோ அதுவே வரைந்து வைக்கும். தேர்வை இறுக்கமாக வளைத்தாலும் அப்படித்தான், ஆளின் விளிம்பு கொஞ்சம் மிச்சமிருந்தால் போதும். நிழல், பிம்பம், விளிம்பு மூன்றையும் தாண்டி 10, 15 பிக்சல் அகலமாக வளையுங்கள். பெரிய பரப்பை ஒரே தடவையில் நிரப்பச் சொன்னால் குழைவாக வரும், சுற்றியுள்ள பாறையின் கூர்மை இருக்காது. துண்டு துண்டாகச் செய்தால் மேல். அப்போதும் அங்கே வருவது பாலருவிப் பாறை அல்ல, பாறை மாதிரி ஒன்று. சுவரில் மாட்ட எதுவும் செய்யலாம். போட்டிக்கோ பத்திரிகைக்கோ அனுப்புவதாக இருந்தால் விதியைப் படித்துவிட்டுத் தொடுங்கள். வேர்ல்ட் பிரஸ் போட்டோ மாதிரிப் போட்டிகளில் படத்திலிருந்து ஆளையோ பொருளையோ அழித்தால் தள்ளுபடிதான், ஏஐ என்று இல்லை, குளோன் ஸ்டாம்பும் அப்படித்தான்.

கைபேசியில் எடுப்பவர்களுக்கு ஸ்னாப்சீட் ஹீலிங், கூகுள் போட்டோஸ் மேஜிக் இரேசர் இரண்டும் போதும், ஆள் சிறியதாக இருக்கும்வரை. நன்றாகப் பெரிதாக்கிக்கொண்டு விரலால் சிறுகச் சிறுகத் தடவ வேண்டும். ஒரே இழுப்பில் ஆளை மூடினால் பக்கத்து மரம் ஆள் உயரத்துக்கு முளைக்கும்.

புளியரைச் சாரல்:

எல்லாருக்கும் நன்றி. அலைன் பண்ணி, ஒத்தைப் படத்தை அடியில் வச்சு மாஸ்க் போட்டேன். கிளை சரி, தண்ணி சரி. மூணு பேரில் ரெண்டு பேருக்கு அப்புறம் எடுத்த படத்தில் காலி இடம் கிடைச்சுது, மூணாமவருக்கு ஹீல் செலக்ஷன்தான். இப்போ ரெண்டு பிரச்சினை. ஒட்டுப்போட்ட இடம் சுத்தியுள்ள பாறையைவிடக் கொஞ்சம் வெளுப்பா, வழவழன்னு தனியா தெரியுது. மேல் வலது மூலையில் மங்கலா நாலஞ்சு வட்டம், அது மீடியனிலயும் போகல. ஒண்ணு கேட்கணும் அண்ணாச்சி, 14 படத்தையும் 16 பிட்டில் திறந்தா லேப்டாப் நின்னுடுது, 8 ஜிபி ரேம்தான்.

கழுதுருட்டிக்காரன்:

வெளுப்புக்குக் காரணம் அப்பர்ச்சர் பிரயாரிட்டி. கூட்டத்தில் வெள்ளை உடை கூடக்குறைய, மேகம் விலக விலக, கேமரா ஷட்டரை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. ரா ஃபைல்களில் வொயிட் பேலன்ஸை எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணாக வைத்து, எக்ஸ்போஷரையும் சமன்செய்து மறுபடி டிஃப் எடுங்கள். மிச்சமிருக்கும் வேறுபாட்டுக்கு மேல் லேயரில் லெவல்ஸ் திறந்து நடு முக்கோணத்தை மட்டும் 1.00-லிருந்து 0.95, 0.93 என்று இறக்கிப் பாருங்கள். மாஸ்க்கைத் தேர்வு செய்த நிலையில் லெவல்ஸ் போட்டுவிடாதீர்கள், மாஸ்க்தான் மாறும், படம் மாறாது. இந்தத் தவறு எல்லாருக்கும் வரும்.

வழவழப்புக்குக் காரணம் நாய்ஸ், அதாவது படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் புள்ளிகள். 14 படத்தின் மீடியனில் நாய்ஸ் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடும், அடியில் இருக்கும் ஒற்றைப் படத்தில் முழு நாய்ஸும் இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்தால் ஒட்டு காட்டிக்கொடுக்கும். ஒட்டு லேயருக்கு ஃபில்டர்ஸ், நாய்ஸ் மெனுவில் ஆர்ஜிபி நாய்ஸ் மிகக் குறைவாகப் போட்டு, 100 சதவீதத்தில் பார்த்தே அளவைப் பொருத்துங்கள். படத்தைச் சிறிதாக்கிப் பார்த்தால் எல்லாமே சரியாகத் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள்.

மூலையில் வட்டமாகத் தெரிவது லென்ஸில் தெறித்த சாரல். ஆள் நகர்வார், லென்ஸ் மேல் துளி நகராது. 14 படத்திலும் அதே இடத்தில் இருப்பதால் ஓட்டில் அதுதான் ஜெயிக்கும். சென்சார் தூசியும் அப்படியே. இப்போதைக்குக் குளோன்தான், பக்கத்து இடத்தை நகலெடுத்து மூடுவது. அடுத்த முறை மூன்று படத்துக்கு ஒரு தடவை துடையுங்கள். துடைத்த பிறகு புதுத் துளி வேறு இடத்தில் விழும், அதை மீடியனே அழித்துவிடும்.

லேப்டாப் நிற்பதும் நியாயம்தான். 24 மெகாபிக்சல், 3 சானல், 16 பிட் என்றால் லேயருக்கு 144 எம்பி. 14-க்கு 2 ஜிபி. 32 பிட் ஆக்கினால் 4 ஜிபி, அதற்கு மேல் ஜிமிக்கும் அன்டூ நினைவும். மீடியனுக்கு 9 படம் போதும், நல்ல இடைவெளியில் எடுத்ததாக இருந்தால். அல்லது ஆள் இருக்கும் பகுதியை மட்டும் எல்லா லேயரிலும் வெட்டி, தனி ஃபைலாக மீடியன் போட்டுக் கொண்டுவந்து ஒட்டுங்கள்.

அச்சன்கோவில் ஆறு:

பதிமூணு கண் பாலம் விட்டுப்போனது. அங்கே டிரைபாட் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மேனுவல் மோட், எஃப் 8, ஐஎஸ்ஓ 100, வொயிட் பேலன்ஸ் டேலைட்டில் பூட்டு, ஒரு தடவை ஃபோகஸ் செய்து மேனுவலுக்கு மாற்று, லென்ஸ் ஸ்டெபிலைசேஷன் ஆஃப். இன்டர்வல் 15 விநாடி, 21 படம், 5 நிமிடம். ஒற்றைப்படை எண் என்றால் நடுமதிப்பு ஒரே படத்திலிருந்து வரும், இரட்டைப்படையில் நடுவிலுள்ள இரண்டின் சராசரி எடுப்பார்கள். பெரிய வேறுபாடு இல்லை, ஆனால் 20-க்குப் பதில் 21 எடுப்பதில் நட்டமும் இல்லை. 5 நிமிடத்துக்கு மேல் நீட்டினால் மரநிழல் கல்லின் மேல் நகர்ந்துவிடும். மேகமூட்டமான காலையில் நீட்டலாம்.

சாலையோரம் நிறுத்திய பைக்கும் காரும் 21 படத்திலும் நிற்கும், மீடியனிடம் அதற்கு மருந்தில்லை. கேமராவைக் கொஞ்சம் ஏற்றியோ தள்ளியோ ஃபிரேமுக்கு வெளியே விடுவதுதான் வழி. பாலத்தின் மேல் நிற்பவர்கள் சாலையிலிருந்து பார்த்தால் 30, 40 பிக்சல் உயரம்தான் வருவார்கள், பின்னால் காடோ வானமோ இருந்தால் ஹீல் பிரஷ்ஷே போதும். கற்கட்டுக்கு முன்னால் நிற்பவருக்கு ஹீல் போடாதீர்கள், கல் இடுக்குக் கோடுகளைக் குழப்பிவிடும். அங்கே இன்னொரு படத்திலிருந்து மாஸ்க் மட்டும். பக்கத்துக் கண்ணிலிருந்து குளோன் செய்யலாம் என்று தோன்றும், செய்தால் வளைவின் கோணம் ஒத்துவராது.

5 நிமிடத்துக்குள் ரயில் வந்து 2 படத்தில் விழுந்தால் மீடியன் ரயிலையும் சேர்த்துத் துடைத்துவிடும். ரயில் வேண்டுமென்றால் அந்த ஒரு படத்தை மேலே போட்டு, பெட்டிகளை மட்டும் மாஸ்க்கில் திறந்துவிடுங்கள். நல்ல கோணம் தேடித் தண்டவாளத்தில் மட்டும் ஏற வேண்டாம், ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவில் அது குற்றம்.

புளியரைச் சாரல்:

லெவல்ஸ் 0.94-ல் ஒட்டு மறைஞ்சுது. மாஸ்க்கைத் தேர்வு பண்ணி வச்சுக்கிட்டே ரெண்டு தடவை போட்டுட்டு ஏன் மாறலைன்னு முழிச்சதும் நடந்துச்சு. ஒரே ஒரு கேள்வி. டிரைபாட் வச்சா அலைன் பண்ணவே வேண்டாமா?

கழுதுருட்டிக்காரன்:

வேண்டும். ரோட்டோரம் லாரி போனால் டிரைபாட் ஒரு பிக்சல் இரண்டு பிக்சல் அசையும், லென்ஸைத் துடைத்தாலும் அசையும். கல் இடுக்கு மாதிரி மெல்லிய கோடுகள் அதிலேயே மழுங்கிவிடும். முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் டிஃபரன்ஸில் வைத்துப் பாருங்கள். பாலத்துக் கண்களின் விளிம்பு முழுக்கக் கருப்பாக இருந்தால் அப்படியே மீடியன் போடுங்கள், கோடு தெரிந்தால் அலைன்.